பத்து என்று அழுத்தியது நான்

பெயர், விலாசம் முதல் தாளில் கண்டபடி. வயது முப்பத்தெட்டு. சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் வேலை. விசாரணை அதிகாரி கேட்க நான் சொல்வதாவது:

இறந்த குழந்தையின் தாய் என் உடன்பிறந்த தங்கை. தான் வேலை பார்த்த கிடங்கின் பின்கதவைத் தன் கணவனுக்குத் திறந்துவிட்டாள் என்பது அவள் மீதுள்ள வழக்கு. கணவன் சரக்கோடு தலைமறைவாகிவிட்டான், இவள் பிடிபட்டாள். இருபது நாள் சிறையில் இருந்த பிறகு, கர்ப்பிணி என்பதால் நீதிமன்றம் அவளை வெளியே விட்டது. திங்கள்தோறும் கண்காணிப்பு அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும், அனுமதியில்லாமல் நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அன்று முதல் என் வீட்டில்தான் இருந்தாள்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், எங்கள் பகுதி மருத்துவமனை நர்ஸ் அவள் செல்போனில் கர்ப்பிணிகளுக்கான ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் குழந்தை எத்தனை முறை அசைந்தது என்று அது தினமும் மாலையில் கேட்கும். பத்துக்குக் குறைந்தால் நர்ஸ் கூப்பிடுவார். குழந்தையின் வளர்ச்சியைப் படமும் காட்டும். "தேங்காய் அளவு ஆயிருச்சாம்க்கா" என்று தங்கை போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வருவாள்.

போனை அணைக்கக் கூடாது என்று கண்காணிப்பு அதிகாரியும் அதே வாரம் சொல்லியிருந்ததால், ஆப்பும் அவருடைய கண்காணிப்பும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். "இது ஆப் இல்லடி, உனக்கு வைக்கிற ஆப்பு. நீ தும்முனாக்கூட கோர்ட்டுக்குப் போயிரும்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு கால் வீங்கியதைக்கூட அதில் எழுதவில்லை.

சென்ற புதன்கிழமை மாலை நான்கு அசைவுதான் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து மறுபடி எண்ணினாள். மூன்று. "உள்ளதைப் போட்டுரட்டாக்கா?" என்று கேட்டாள். "போட்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவாங்க. அது எல்லைக்கு அந்தப் பக்கம். போனா மறுபடி உள்ள வச்சிருவாங்க. பிள்ளைன்னா தூங்காதா?" என்றேன். அவள் போனைப் பிடித்தபடியே இருந்தாள். நான் வாங்கிப் பத்து என்று அழுத்தினேன். மறுநாளும் நானே அழுத்தினேன். அன்று எத்தனை என்று அவளைக் கேட்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, சலவை நிலைய வாசலில் வந்து நின்றாள். நடந்தே வந்திருந்தாள். "ஒண்ணுமே தெரியலக்கா" என்றாள். உடனே ஆட்டோவில் பகுதி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் கருவியை வயிற்றில் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் சேலையை அவரே சரிசெய்து விட்டார். பெரிய மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்சில் ஏறியதும் நர்ஸ் கண்காணிப்பு அதிகாரிக்கு போன் செய்தார். "இதுக்கெல்லாமா எங்கிட்ட கேப்பீங்க? முதல்ல கூட்டிட்டுப் போங்கம்மா" என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரிய மருத்துவமனையில் அன்று மாலை பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதன் பிறகு, ஆப்பில் எழுதுவது எதுவும் கோர்ட்டுக்கோ போலீசுக்கோ போகாது என்று நர்ஸ் சொன்னார். அது ஆப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

பத்து என்று ஏன் போட்டாய் என்று டாக்டர் தங்கையிடம் கேட்டபோது நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். தங்கை என்னைப் பார்க்காமல், "தெரியாம போட்டுட்டேன் டாக்டர்" என்றாள். தவறான தகவல் கொடுத்தாள் என்று அவள் மீது குறிப்பு எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவள் சொன்னது பொய். இரண்டு நாளும் அழுத்தியது நான். குறிப்பை என் மீது எழுதிக்கொள்ளுங்கள்.

யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் சிசு என்று இருந்தது, பெண் குழந்தை என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றபடி எல்லாம் நான் சொன்னதே, உண்மையே.

(ஒப்பம்)