சட்னி வேண்டாம் என்ற பெண்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் எதிரில் ஒரு மாமியாரும் மருமகளும் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒரே மேசை, என்ன செய்ய?

சட்னி வாளியோடு வந்தவரிடம் அந்தப் பெண் கேட்டாள், "அண்ணே, இதுல மல்லாட்டை இருக்கா? அது உள்ள போனா எனக்கு மூச்சு அடைச்சுக்கும்."

"தேங்காயோட கொஞ்சம் வேர்க்கடலையும் சேர்த்துதான் அரைக்கிறோம்மா."

"அப்ப வேணாண்ணே."

"ஊத்துப்பா நீ," என்றாள் மாமியார். "ஒலக்கூர்ல மூணு காணி மல்லாட்டை போடுற வூடு எங்களுது. மருமவளுக்கு அது ஆவாதுன்னா ஊரே சிரிக்கும்."

"சின்னதுலேர்ந்தே ஆவாது அத்தே."

"எல்லாம் மனசுதாண்டி. போன வெள்ளிக்கிழமை காரக்குழம்புல ஒரு கை வறுத்து அரைச்சுப் போட்டேன். நீயும்தான் தின்னே. செத்தா பூட்டே?"

பரிமாற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். பிய்த்த இட்லி என் கையிலேயே நின்றது.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு ராத்திரிதானே அத்தே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்க? என்ன சாப்ட்டான்னு டாக்டர் கேட்டப்ப, பக்கத்துல நின்னுக்கினு ரசம் சோறுதான்னு சொன்னது நீங்கதானே?"

மாமியார் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

பெண் எழுந்து பையை எடுத்தாள். "அண்ணே, கோலியனூருக்கு எந்த பஸ்ஸு? எங்கம்மா வூடு அங்கதான்."