மூடி இறுக்கமான பாட்டில்

"கிருமிக்கெல்லாம் சட்டம் வந்துகீதாம்க்கா."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் சொன்னாள். மாட்டுத் தடுப்பூசி செய்யும் லேபில் பாட்டில் கழுவுகிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. கூட இருந்தவள் பக்கத்து வீட்டுக்காரி.

"இனிமே ஒரு பாட்டில்கூட வெளிய போவக் கூடாதாம். மூடி நல்லா இறுக்கமா கீதேன்னு நான் ஊட்டுக்கு எடுத்துகினு போவேன், அக்கம்பக்கத்துக்கும் குடுப்பேன் சார்னு லேபுக்கு விசாரிக்க வந்த ஆபீசராண்ட சொன்னேன். ஆபீசர் எழுதறத நிறுத்திட்டாரு. யார் யாருக்குக் குடுத்தேன்னு கேட்டாரு."

"கழுவித்தானே எடுத்தாந்தே?"

"சோப்பு போட்டுத்தான். அதுல இன்னா சார் இருந்துச்சுன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போய்க் கைய கழுவிகினு வந்தாரு."

பக்கத்து வீட்டுக்காரியின் குரல் இறங்கியது. "நீ குடுத்ததுல ஊறுகா போட்டு ஆவடிக்கு அந்தாண்ட முத்தாபுதுப்பேட்டைல எங்க அக்காவுக்குக் குடுத்தேன்டீ. ஒரு வாரமா அவளுக்கு ஜுரமாம். நேத்துதான் ஆள் வந்து சொல்லிச்சு."

கழுவுகிறவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாடியில் இருவரும் இறங்கி, சாலையைக் கடந்து, ஆவடிக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றார்கள். இருவருக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.