சேர்க்காத கொட்டகை

கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது என்று என் மனைவி குறைபட்டுக்கொள்வாள். நீளமாகப் போனால் சொல்லுங்கள், ஐயா, சுருக்கிக்கொள்கிறேன்.

பண்ணை என் மாமனாருடையது. குஞ்சு பொரித்து விற்பதுதான் தொழில். மூத்த மகளைக் கட்டிய நாளிலிருந்து பொரிப்பகம் என் பொறுப்பு. பொரிக்காமல் தங்கிவிட்ட முட்டைகளை உடைத்துப் பார்த்து, உள்ளே இருந்தது எப்போது செத்தது, ஏன் செத்தது என்று சொல்வேன். நாற்றம் பிடித்த வேலை. யாரும் போட்டிக்கு வரவில்லை; நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு இளைய மகளுக்குக் கல்யாணம் ஆனது. என் சகலை கோழித் தீவனத்தைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவர். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வந்த முதல் வருடமே, தாய்க்கோழிகளின் தீவனத்தில் ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் குஞ்சு பொரிப்பது கூடும் என்றார். மஞ்சள் தூள்தான். ஒரு மூட்டைத் தீவனத்துக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சோதித்துப் பார்க்க இரண்டு கொட்டகைகளை ஒதுக்கினார்கள். ஒரே வயதுக் கோழிகள், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். ஒன்றில் தூளைச் சேர்ப்பது, மற்றதில் சேர்க்காமல் விடுவது.

சேர்க்காத கொட்டகையை என்னிடம் கொடுத்தார்கள்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்ல, அண்ணே? அது இல்லாம இது நிரூபணமாகாது. ரெண்டும் சமம்தான்" என்றார் சகலை.

சமம்தான். ஒன்று ஜெயிப்பதற்கு, மற்றது தோற்பதற்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கோழிகளைத்தான் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டேன். கூளத்தை நானே கிளறிவிட்டேன், தண்ணீர்க் குழாய்களை நானே கழுவினேன். ஆனாலும் அவர் கொட்டகை முட்டைகள் தட்டு தட்டாகப் பொரித்தன. என் கொட்டகை முட்டைகளில் பல அப்படியே தங்கின. உடைத்தால், கால் வளைந்து, அலகு கோணி, ஓட்டைக் கொத்தித் திறக்கத் தெம்பில்லாமல் செத்த குஞ்சுகள்.

முடிவு தெரிந்த அன்று மாமனார் சகலையின் தோளில் கைபோட்டுக்கொண்டு பண்ணை முழுக்கச் சுற்றி வந்தார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கை நிறைய உடைந்த ஓடுகளோடு. எனக்கு வயிறு எரிந்தது. அதை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் சிரித்தால் எரிந்தது. அவர் தட்டில் என் மனைவி கேட்காமலேயே இன்னொரு கரண்டி வைத்தால் எரிந்தது. அவர் என்னை மரியாதையாக அண்ணே என்று கூப்பிடுவதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

கொழுந்தியாள் அப்போது குழந்தைக்காகக் காத்திருந்தாள். கரு தங்குவதற்கு முன்னாலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. "கோழிக்குப் போட்டதையே பொண்டாட்டிக்கும் போடுறாரு" என்று மாமனார் கேலி செய்தார். கேலியில்கூட எவ்வளவு பெருமை. முட்டை அட்டை வாங்க நான் போகிற வழியில்தான் மருந்துக் கடை. "மாமா, அப்படியே என் மாத்திரையையும் வாங்கிட்டு வந்துடுறீங்களா?" என்று கொழுந்தியாள் கேட்டாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வாங்கிக் கொடுத்தேன். டப்பா அதே டப்பா. உள்ளே இருந்தவை அதே மஞ்சளில் வேறு மாத்திரைகள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவளுக்குக் கெட்டது எதையும் கொடுக்கவில்லை. ஒன்றைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒப்பீடு என்று பெயர் வைத்தவரே சகலைதான். டப்பா தீரப்போகிறதென்றால் நானே நினைவூட்டி அடுத்ததை வாங்கி வந்தேன். அந்த விஷயத்தில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் இருந்தது. ஆண் குழந்தை. பிறந்த அன்று சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு இப்படி ஆகிவிடுவதுண்டு என்றார் டாக்டரம்மா. எல்லோரும் அழுது ஓய்ந்து, அதை ஏற்றுக்கொண்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சகலை பொரிப்பகத்துக்கு வந்தார். நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் தாடி; சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். எதிரே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உள்ள என்ன ஆச்சுன்னு உடைச்சுப் பாத்தே சொல்லிடுவீங்க நீங்க. என் படிப்பு ஒண்ணுத்துக்கும் உதவல. எங்க தப்பு நடந்துச்சு? நீங்களாவது சொல்லுங்க."

வந்த நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இப்போது புத்தகத்தையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொரிப்பு குறைந்தால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அதையே அவருக்கும் சொன்னேன்.

"கருவுல தேடாதீங்க. தாய் என்ன தின்னுச்சுன்னு பாருங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. ஒண்ணையும் விடாதீங்க."

சொல்லும்போது மாத்திரை விஷயம் எனக்கு ஞாபகமே வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். சரியான பதிலைச் சொல்கிற சந்தோஷத்தில் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முட்டைக் கழிவு வழிகிற கை, விடவே இல்லை. வீட்டுக்குப் போனவர் தண்ணீர், அரிசி, எண்ணெய், டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் தீவனம் பரிசோதிக்கிற இடத்துக்கே அனுப்பினார். அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை, ஐயா. மாத்திரையை மாற்றியது நான்தான். குழந்தை செத்தது அதனால்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். இதைக் கண்டுபிடித்தது சகலை என்று சற்றுமுன் உங்கள் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தாய் தின்றதைப் பார்க்கச் சொன்னது நான். அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். இதையுமா அவர் கணக்கில் எழுத வேண்டும்?