தகரத்தைத் தட்டினால் நிறுத்த வேண்டும்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால் இருக்கும். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற தோப்பு ரோடு. இரண்டு பக்கமும் மாமரம். நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத வெயில். அந்த ரோட்டில் ஒரு மினி டிராக்டர் மட்டும் போகிறது. பின்னால் காலி டிரெய்லர். ஓட்டுகிறவனைத் தவிர ஆள் கிடையாது.

டங்... டங்.

பின்னால் யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள்.

ஏட்டி வெள்ளத்தாய், கையை விடு. நகம் குத்துகிறது. இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, அதற்குள் என்ன பயம்?

"மத்தியானத்துல எங்கயாச்சும் பேய் வருமாக்கா?"

வரும். உச்சிப் பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று உன்னை வீட்டில் யாரும் வையவில்லையா? சரி, எல்லாரும் செல்போன் டார்ச்சை அணையுங்கள். கரண்ட் வந்தால் கம்பெனியில் மெஷின் ஓடும், நானும் எழுந்து பேண்டேஜ் மடிக்கப் போய்விடுவேன். நடுவில் ஒருத்தி பேசினாலும் அத்தோடு நிறுத்திவிடுவேன். எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதே எரிச்சல் வரும்.

இது நம்மோடு வேலை பார்த்தாளே வெங்கடேஸ்வரி, அவள் தம்பி சிவபாண்டிக்கு நடந்தது. பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் பனிக்குள் கிடந்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். வீட்டில் மனைவி அனுசியா, ஒரு பெண் குழந்தை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்பனை போனில்தான் பார்த்திருக்கிறது. போனைக் காட்டினால் "அப்பா" என்று முத்தம் கொடுக்கும். அதே அப்பன் மூட்டை முடிச்சோடு வாசலில் வந்து நின்றால், அனுசியாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "மாமா" என்கிறது. தெருவில் போகிற ஆம்பளை எல்லாரும் அதற்கு மாமாதான். இவனும் மாமா.

பாவம், அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனால் வெங்கடேஸ்வரியிடம் ஒருநாள் அழுதிருக்கிறான். "இந்தப் பிள்ள வாயால ஒருக்கா அப்பான்னு கேக்கணும்க்கா. அதுக்கு நான் இங்கன இருக்கணும். இனி எங்கயும் போறதா இல்ல."

எப்படி இருப்பது? சென்னையில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் மாமனார் தோப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் மாங்காய் நன்றாகக் காய்த்திருந்தது. ஆனால் தோப்புக்குள் லாரி வராது. காலையில் பறித்து, உச்சிப் பொழுதில் வண்டியில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் ராஜபாளையம் மண்டியில் சேர்க்க வேண்டும். மினி டிராக்டர் இருந்தது. டிரெய்லர் இல்லை. காய் கீழே விழுந்து அழுகினால் சென்னைதான். இதுதான் அவன் நிலைமை.

புதுசு வாங்க வழியில்லை. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுப் பக்கம் தங்கப்பாண்டியன் என்று ஒரு பெரியவர். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டிரெய்லர் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்திருக்கிறான். பழைய காலத்து வேலை. சட்டமெல்லாம் கெட்டி இரும்பு. அடித்தகரம் மட்டும் அப்பளமாய் நொறுங்கியிருந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டிருந்தது.

விலை பேசலாம் என்று வாயைத் திறந்தால், பெரியவர் பேசவே விடவில்லை.

"இருக்கத எடுத்துட்டுப் போங்க தம்பி. கொடுக்கதக் கொடுங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

இந்த மடையனுக்குச் சந்தோஷம். அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? பேரம் பேசாமல் பழைய இரும்பைத் தள்ளிவிடுகிற சம்சாரியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலகணேஷ் என்கிற வெல்டரிடம் கொண்டுபோய் விட்டான். அங்கே ஆரம்பித்தது பாடு. ஒரு நட்டு கழலாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான், கழலவில்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டினான். போல்ட்டே உடைந்தது. அந்த சைஸ் பேரிங் மதுரையில்கூட இல்லை என்றார்கள். ஒரு டயர் கிடைத்தது, இன்னொன்று அதற்கு ஜோடி சேரவில்லை. பாலகணேஷைக் கேட்டால் "நாளைக்கு வாங்கண்ணே". மறுநாள் போனால் பட்டறை பூட்டு. இவன் அங்கேயே உட்கார்ந்து தன் கையால் துருவைத் தேய்த்தான். தலை, மீசை எல்லாம் சிவப்புத் தூள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை பயந்து "பூச்சாண்டி மாமா" என்று கத்தியது. மாமாவிலிருந்து பூச்சாண்டி மாமா. அதுதான் முன்னேற்றம்.

ஒருவழியாக அடித்தகரம் புதுசு போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே நீலம் அடித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கொண்டுவந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயிண்ட் வாசனைக்கு நடுவில் இன்னொரு வாசனை. பச்சிலையைக் கல்லில் வைத்து நசுக்கினால் வருமே... அந்தக் கசப்பு வாசனை. அனுசியாதான் முதலில் சொன்னாள். இவன் தின்னர் ஊற்றிக் கழுவினான். போகவில்லை.

அந்த வண்டியைத்தான் அன்றைக்கு மத்தியானம் முதல்முதலாகத் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போகிறான்.

டங்... டங்.

உங்களுக்கே தெரியும். தோப்பு ரோட்டில் டிரெய்லர் மெதுவாகப் போனால் களை எடுத்துவிட்டு வருகிற பெண்கள் கேட்காமலேயே தொற்றி ஏறிக்கொள்வார்கள். டிரைவர் திரும்பிப் பார்ப்பது கிடையாது. இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் காதில் விழாது. இறங்கும் இடம் வந்தால் பக்கத் தகரத்தை இரண்டு தட்டு. நிறுத்துவார். இறங்கிக்கொண்டு "ம், போ" என்பார்கள். வண்டி கிளம்பும். அவ்வளவுதான் பழக்கம்.

சிவபாண்டியும் பழக்கத்தில் நிறுத்தினான். "ம், போ" வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. திரும்பிப் பார்த்தான். காலி டிரெய்லர். ரோட்டில் யாருமில்லை. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

டிரெய்லர் பின்கதவுக் கொக்கி லூசாக இருக்கும் என்று நினைத்தான். கிளம்பினான்.

டங்... டங்.

நிறுத்தினான். இறங்கிப் போய்க் கொக்கியை இழுத்துக் கட்டினான். கிளம்பினான். டங்... டங்.

அன்றைக்கு அந்த ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் பாலகணேஷிடம் கொண்டுபோய் சண்டை. அவன் கதவுக்கு ரப்பர் வைத்தான். கீலை மாற்றினான். கடைசியில் கோபம் வந்து கதவையே கழற்றி வைத்தான். "இதுக்கு மேல தட்டுனா என்னய வந்து கேளுங்கண்ணே" என்றான்.

கதவே இல்லை. தட்டியது. காலையில் தட்டாது, சாயங்காலம் தட்டாது. உச்சிப் பொழுதில் மட்டும். மாங்காய்ப் பெட்டி ஏற்றியிருந்தாலும் தட்டும், காலியாக இருந்தாலும் தட்டும். ஒருநாள் நிறுத்திவிட்டுக் கூர்ந்து கேட்டான். டொப்... புதுத் தகரத்தில் ஆள் புரண்டு படுத்தால் வருகிற சத்தம். டொப். இவன் கண்ணுக்கு முன்னால் நீலத் தகரம் வெயிலில் பளபளவென்று கிடக்கிறது. அதில் ஒரு ஈகூட இல்லை.

"அய்யோ... அக்கா..."

வாயை மூடு.

நேராகத் தங்கப்பாண்டியன் வீட்டுக்குப் போய்விட்டான். பெரியவர் இவனைப் பார்த்ததும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எம் மவன் வினோத்து தம்பி. தோப்புல பாம்பு கடிச்சிருச்சு. உச்சி வெயிலு. வேற வண்டி இல்ல. பச்சிலைய நசுக்கி வாயில ஊத்தி, டிரெய்லர்ல படுக்கப் போட்டு நான்தான் ஓட்டுனேன். வழியெல்லாம் தகரத்தத் தட்டிக்கிட்டே வந்தான். வீட்டுக்கு விடுங்கய்யா, பிள்ளைய ஒருக்கா பாத்துக்கிடுதேன்னு. ஆஸ்பத்திரிக்குப் பிந்திரும்னு நான் நிறுத்தல. ஒரு எடத்துல கூட நிறுத்தல தம்பி..."

பாதியிலேயே தட்டுவது நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தாராம்.

சின்னப் பிள்ளை பார்த்தால் பயந்துவிடும் என்று உடம்பை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. நேராகச் சுடுகாடு. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள்.

சிவபாண்டி கேட்டிருக்கிறான், "கூப்பிட்டியளா?"

புரிகிறதா? ரோட்டில் உயிர் போனவர்களை நம் பக்கத்தில் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். உயிர் போன இடத்தில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். "வா, வீட்டுக்குப் போவோம்" என்று. பிறகு திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர வேண்டும். யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் சொந்த ரத்தம்தான் கூப்பிட வேண்டும்.

"எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கூப்புடுவேன்?" என்று அழுதார் பெரியவர். ஆனாலும் நாளைக்கு வந்து கூப்பிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நேரில் போனால் வீடு பூட்டியிருந்தது. பாலகணேஷ் பட்டறை மாதிரியே.

அனுசியா அவன் காலில் விழாத குறை. "ஏங்க, அந்தச் சனியன இரும்புக் கடையில போட்டுட்டு வாங்க."

"போட்டுட்டு? மாங்காய எதுல கொண்டு போறது? ஓந்தலையிலயா? காயி பூரா கீழ விழுது. நான் திரும்ப ஊரவிட்டுப் போகவா? சொல்லு, போறேன்."

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா ஏன் கத்துதாக?" என்றது.

மறுநாள் பாரத்தோடு வருகிறான். மேற்கே மலையில் மேகம் கட்டுகிறது. மழை பிடித்தால் மிச்சக் காயும் போச்சு. உச்சிப் பொழுது. டங்... டங். நிறுத்தினான். கிளம்பினான். டங் டங். நிறுத்தினான். அப்புறம் இரண்டு இரண்டாக இல்லை... டங்டங்டங்டங்டங் என்று விடாமல். நகத்தால் பிறாண்டுகிற சத்தம் வேறு. இவனுக்குப் பொறுமை செத்துப் போனது. வண்டியிலிருந்து குதித்து, டிரெய்லரைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினான்.

"ஏலே, என்னய ஏம்லே உசுர எடுக்க? நிறுத்துனா எறங்க மாட்டேங்க, ஓட்டுனா தட்டுத. ஒனக்கு என்ன, வீட்டுக்குத்தான போவணும்? வா! வீட்டுக்கே வா! வந்து தொல, வா!"

மூன்று முறை.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது அவன். வினோத்துக்கு உயிர் போன அந்த டிரெய்லர் முன்னால் நின்று, அவன் வாயால்.

தட்டுவது நின்றது. சட்டென்று நின்றது. பச்சிலை வாசனை போயிருந்தது. மாங்காய் வாசனை மட்டும். அவன் வண்டியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். பயந்து அல்ல, அவனுக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த டிரெய்லரைப் போல் ஒரு டிரெய்லர் கிடையாது. ஒரு சத்தம் இல்லை, ஒரு கோளாறு இல்லை. மழைக்கு முன்னால் தோப்புக் காய் மொத்தமும் மண்டி போய்ச் சேர்ந்தது. வந்த காசு அடுத்த வெள்ளாமை வரைக்கும் போதும். சென்னைக்காரனுக்கு போன் போட்டு, "நான் வரல சார், எங்க ஊர்லயே இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பாள் வெங்கடேஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொல்லைப்புறத்திலிருந்து சத்தம் கேட்டது.

"அப்பா..."

அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா... ப்பா..." என்று கூப்பிட்டுச் சிரிக்கிறது பிள்ளை. தெளிவாக, வாய் நிறைய. அடுப்படியிலிருந்து அனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"காலையில இருந்து அப்பா அப்பாங்கா. ஒங்களத்தான் தேடுதா போல. போங்க, போயித் தூக்குங்க."

ஓடினான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவு அலைச்சலும். கொல்லையில் வெயில். பிள்ளை கல்லில் உட்கார்ந்திருக்கிறது. இவனைப் பார்க்கவில்லை. எதிரே வெறும் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறது. இவன் போய் அதன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டி, "பாப்பா... அப்பா வந்துட்டேன்மா" என்றான்.

பிள்ளை சிரிப்பை நிறுத்தியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது.

"தள்ளி உக்காருங்க மாமா. அப்பா மடியில உக்காந்திருக்கீங்க."