பதினஞ்சு நாள்னு சொல்லி வெச்சேன்

...பதினோரு பேரும்மா. கடலப் பாக்கப் பதினோரு பேரு. வியாதி எனக்கு, காத்து வாங்க வேண்டியது நானு. அதுக்கு நாத்தனாரு, அவ புருஷன், அவங்க ரெண்டு புள்ளைங்க, என் பொண்ணு, மாப்ள, பேரன், சம்பந்தியம்மா, சம்பந்தியம்மாவோட தங்கச்சி... அப்பறம் போனாப் போகுதுன்னு நாங்க ரெண்டு பேரு.

வேணாம் வேணாம், பதில் சொல்லாத. நர்ஸம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க? இந்தச் செவப்பு மருந்து ஏறி முடியுற வரைக்கும் வாய்ல ஐஸ் இருக்கணும், இல்லேன்னா வாயெல்லாம் புண்ணாயிடும். நீ தலைய மட்டும் ஆட்டு, போதும். மொதத் தடவயா? ம்ம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கு இது ஆறாவது. மொத்தம் எட்டு. மார்ல ஆபரேஷன் முடிச்சு, இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா இந்த நாற்காலில வந்து ஒக்காரணும். வலது பக்கம் ஒரு கம்பி இருக்கு பாரு, அத இழுத்துடாத, ஒரேயடியா சாஞ்சிடும். போன தடவ ஒரு அம்மா கால் மேல போயி, தல கீழ போயி... சரி, அத விடு.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பதினோரு பேரு. எல்லாம் எங்க வீட்டுக்காரரு போட்ட அட்டவணை செஞ்ச வேல. அவரு பஸ் டிப்போல டைம் கீப்பரு. முப்பத்தி நாலு வருஷம், எந்த பஸ் எத்தன மணிக்குக் கெளம்புச்சு, எத்தன நிமிஷம் லேட்டுன்னு எழுதி எழுதி, ரிட்டயர் ஆனப்பறம் எழுத ஒண்ணுமில்லாமக் கெடந்தாரு. எனக்குக் கட்டின்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் அழுதாரு. எட்டாம் நாள் ஸ்கேல எடுத்துட்டாரு.

மொத மருந்து ஏறுனதும் இருபத்தோரு கட்டம் போட்டாரு. மருந்து ஏறுற நாள்லேர்ந்து பதினஞ்சு கட்டம் செவப்பு, அதெல்லாம் எனக்கு முடியாத நாளு. கடசி ஆறு கட்டம் பச்ச, நல்ல நாளு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒண்ணு ஒட்டுனாரு, அதோட நிறுத்தக் கூடாதா? ஜெராக்ஸ் எடுத்துச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் குடுத்துட்டாரு. அன்னியோட என் பச்ச என்னோடது இல்லேன்னு ஆயிடுச்சு.

நாத்தனாரு வீடு மாத்துனா. எப்ப? பச்சையில. 'அண்ணி அன்னிக்குத் தெம்பா இருப்பாங்க, பாத்திரத்த மட்டும் கட்டிக் குடுக்கட்டும்'கிறா. சம்பந்தியம்மா கண்ணு ஆபரேஷனப் பச்சையில வெச்சுக்கிட்டாங்க, தொணைக்கு ஆளு வேணுமாம். இவரு மட்டும் என்ன, ரெண்டு மாசமா ஆடிட்டிருந்த கடவாப் பல்ல என்னோட பதினேழாம் நாள்ல புடுங்கிட்டு வந்து, கன்னத்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு. கேட்டா, 'நீ நல்லாருக்கப்பத்தான என்னப் பாத்துக்க முடியும்'கிறாரு. நியாயமாத்தான் சொல்றாரு. அதான் கடுப்பு.

இப்பக் கடலு. அதே ஆறு நாளுக்குள்ள, வேன் வெச்சு. யாரு எங்க ஒக்காரணும்னு வரைக்கும் எழுதிட்டாரு. சன்னலோரம் சம்பந்தியம்மாவுக்கு, ஆபரேஷன் பண்ண கண்ணுக்குக் காத்து வேணுமாம். எனக்கு நடு சீட்டு. மடில பேரன்.

மொதல்ல அவரு பாத்து வெச்சது இது இல்லம்மா. கடலுக்கு நேரா ஒரு லாட்ஜு. மூணாவது மாடி, சன்னலத் தொறந்தா தண்ணிதான். எங்க ரெண்டு பேருக்கு மட்டும். ஆனா அந்த லாட்ஜுக்காரரு பத்து நாளுக்குக் கொறஞ்சு குடுக்க மாட்டாராம். ஊரையே பஸ் ஏத்தி வுட்ட மனுஷன், என்ன ஒரு தடவ எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. அவரா ஆசப்பட்டுக் கேட்டாரு. மொதத் தடவ மருந்து ஏத்திட்டு வெளிய வர்றேன், இந்தக் கதவுகிட்டதான், காதுல பென்சில சொருகிட்டு நிக்கிறாரு. 'எத்தன நாள் முடியாம இருக்குமாம்?'னாரு. பதினஞ்சு. இருபத்தொண்ணுல பதினஞ்சு போனா ஆறு. ஆறுக்குள்ள பத்த எப்பிடித் திணிக்கிறது? மூஞ்சி சுண்டிப் போச்சு அவருக்கு. லாட்ஜ வேணாம்னுட்டாரு.

டாக்டரு சொன்னது என்னமோ அஞ்சு நாளுதான்.

ம்? ஐஸ் கரைஞ்சிடுச்சா? இந்தா, இன்னொரு துண்டு. ஏன் கண்ண அப்பிடி உருட்டுற... ஆமா, அஞ்சுதான். அஞ்சு நாள் வாந்தியும் அசதியுமா இருக்கும், அப்பறம் எந்திரிச்சு நடமாடலாம்னாரு. பின்ன பதினஞ்சுன்னு யாரு சொன்னான்னு கேக்குற.

நாந்தான்.

வேணும்னு சொல்லலம்மா. நான் தையக்காரி. முப்பது வருஷமா மிஷின்ல ஒக்காந்திருக்கேன். எங்க தொழில்ல எத்தன நாள்னு யாரு கேட்டாலும் வாய்ல வர்றது பதினஞ்சுதான். அஞ்சு நாள் வேலையப் பதினஞ்சுன்னு சொல்லி வெச்சாத்தான், நடுவுல எவளாவது அவசரம்னு வந்து நின்னா சமாளிக்கலாம். துணி குடுக்குறவங்களுக்கும் அது தெரியும். பத்தாம் நாளே வந்து நிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரு பேரம்னு வெச்சுக்கோயேன். இந்த மனுஷனுக்குப் பேரமெல்லாம் தெரியாது. பஸ்ஸு ஏழு அம்பத்தி மூணுன்னா ஏழு அம்பத்தி மூணுதான். நான் பதினஞ்சுன்னேன், அவரு பதினஞ்சு கட்டத்தையும் செவப்படிச்சிட்டாரு.

மறுநாளே திருத்தியிருக்கலாம்ல? திருத்தியிருக்கலாம். ஆறாம் நாள் எந்திரிச்சேன், ஒடம்பு லேசா இருக்கு, நல்ல பசி. அடுக்களைய எட்டிப் பாத்தா, இவரு தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு, கடிகாரத்தப் பாத்துப் பாத்து சூப்பு கிண்டிட்டிருக்காரு. உப்பே இல்லாத சூப்பு. என்னப் பாத்ததும் 'ஏன் எந்திரிச்ச, போய்ப் படு, இன்னும் பத்து நாள் இருக்கு'ன்னாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல, போய்ப் படுன்னு என்கிட்ட ஒருத்தரு சொன்னது அன்னிக்குத்தான். படுத்துட்டேன்.

அதுக்கப்பறம் எல்லாம் நடிப்பு. செருப்புச் சத்தம் கேட்டாப் படுக்குறது, அந்தப் பக்கம் போனா எந்திரிக்கிறது. கொடியில துணி தொங்குது, கை சும்மா இருக்குமா... மோட்டாரப் போட்டாக் கேக்கும்னு, மிஷின் சக்கரத்தக் கையாலயே சுத்திச் சுத்தித் தச்சேன். பக்கத்து வீட்டம்மா சன்னல் வழியாத் துணியத் திணிச்சிட்டு ஓடுவா, கடத்தல்காரி மாதிரி. பதினாறாம் நாள் காலைல ஆறு மணிக்கு இவரு டீயோட வந்து 'பச்ச ஆரம்பிச்சிடுச்சு'ம்பாரு. நான் அப்பத்தான் தேறுனவ மாதிரி சோம்பல் முறிச்சுக்கிட்டு எந்திரிக்கணும். ஒரு தடவ பதினஞ்சாம் நாள் சாயங்காலமே ஏதோ பாட்ட முணுமுணுத்துட்டேன். அவரு கடிகாரத்தப் பாத்தாரு. எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு.

அந்தச் சக்கரம் வேற பழசு, ஒவ்வொரு சுத்துக்கும் கீச்சு கீச்சுங்கும். எப்ப மாட்டிப்பேனோன்னு உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத் தைப்பேன். நல்லவேள, மூணாவது தடவ கீச்சல.

இரு. ஏன் கீச்சல?

நான் எண்ணெ போடலியே. எண்ணெக் குப்பி பரண் மேல இல்ல இருக்கு. ஆபரேஷனுக்கப்பறம் எனக்குக் கைய அவ்வளவு ஒசரம் தூக்க முடியாது. வீட்ல இருக்குறதே ரெண்டு பேரு.

...தெரிஞ்சேதான் செவப்படிச்சாராம்மா?

நீ சிரிக்காத, ஐஸ் விழுந்துடும். மிச்சத்தையும் கேளு, சிரிப்பு நின்னுடும். நாலாவது தடவ ஆறாம் நாள் எந்திரிக்க முடியல. ஒம்பது நாள் ஆச்சு. போன தடவ, பதினஞ்சாம் நாளு, ஊசில நூலு கோக்குறேன் கோக்குறேன், நொழையவே இல்ல. பதினஞ்சு நாளும் முழுசாப் படுக்கதான். நடிக்கல, சத்தியமா நடிக்கல. பதினாறாம் நாள் ஆறு மணிக்கு டீயோட வந்து நின்னாரு பாரு, நெஜமாவே அப்பத்தான் எனக்குக் கண்ணு தெளிஞ்சுது. அட்டவணை ஒரு நிமிஷம் பெசகாம வந்து சேந்துடுச்சு. இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? பதினஞ்சு நாளா முடியலன்னா, 'தெரியுமே, எங்ககிட்ட ஜெராக்ஸ் இருக்கே'ம்பாங்க. பயமாருக்கும்மா எனக்கு. இந்தத் தடவ பதினெட்டாயிட்டா, அடுத்த தடவ இருபத்தொண்ணும் செவப்பாயிட்டா, பச்சைக்கு எங்க போறது?

உள்ளத உள்ளபடி அஞ்சுன்னு சொல்லியிருந்தா, ரெண்டாவது தடவயே கெளம்பிப் போயிருப்போம். மூணு மாடியும் நானே ஏறியிருப்பேன். லாட்ஜுக்காரரு கேட்டது பத்து நாளு. அந்தப் பத்து நாளத்தான் நான் உப்பில்லாத சூப்பக் குடிச்சிட்டு, வீட்ல சுவத்தப் பாத்துப் படுத்துக் கழிச்சேன்.

அதோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நகத்தக் கடிச்சிட்டு நிக்கிறாரே, உன் வீட்டுக்காரரா? வெளிய போனதும் எத்தன நாள்னு கேப்பாரு. எத்தனயோ அத்தனையச் சொல்லு, கூட்டாத. அவரு பக்கத்துல ஸ்கேலும் அட்டையுமா நிக்கிறது என்னோட ஆளு. பாரு, வெளக்க ஆரம்பிச்சிட்டாரு. விட்டா உனக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுவாரு.

உன் மிஷின் கத்துது, மருந்து முடிஞ்சிடுச்சு. ஐஸத் துப்பிடு... என்ன? இப்பவே அவர்கிட்டச் சொல்லணுமா? இவ்வளவு நேரம் பேசாம இருந்து, வாயத் தொறந்ததும் என்ன மாட்டி விடுறியே.

சரி, போறப்ப அவர உள்ள வரச் சொல்லு.

...வாங்க. கதவச் சாத்துங்க, குளிருது. பென்சில் காதுலதான இருக்கு? இந்தத் தடவ அஞ்சுன்னு போடுங்க. அந்த லாட்ஜுக்காரருக்குப் போன் பண்ணி, மூணாவது மாடி காலியா இருக்கான்னு கேளுங்க. ஆறாம் நாள்லேர்ந்து பத்து நாளு... தெரியும். அஞ்சு இல்லேன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். எப்பிடியும் படுத்துத்தான கெடக்கப் போறேன், அங்க சன்னலப் பாத்துப் படுத்துக்கறேன். மாடிப்படி ஒண்ணொண்ணுலயும் ஒக்காந்து ஒக்காந்து ஏறுவேன், எத்தன நிமிஷம் லேட்டுன்னு நீங்க எழுதிக்கோங்க. சூப்புக்கு உப்பு மட்டும் நான் போட்டுக்கறேன்.

மத்த ஒம்பது பேரா? அவங்க ஜெராக்ஸ்ல பதினஞ்சுன்னே இருக்கட்டும்.