அக்னஸின் நன்மரணம்

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முடிவை முதலில் படித்துவிடுவேன். முடிவு சரியில்லாத புத்தகத்துக்காக ஒரு வாரத்தை ஏன் வீணாக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார்? ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை போக, எங்கள் பங்குக் கோயிலின் நூலகத்தையும் பன்னிரண்டு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நான் படிக்காத புத்தகம் இல்லை. நாவல்கள் எனக்கு ஒத்துவராது. கடைசியில் யாருக்காவது கல்யாணம் ஆகிவிடும். புனிதர்களின் சரித்திரம்தான் பிடிக்கும். அவர்கள் நன்றாகச் சாகிறார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் தவக்காலத்தில் என் மனைவி அக்னஸுக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்னார். கல்யாணமாகி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புத்தூர் வீட்டில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டுவேன். சின்ன வயதிலேயே நோயில் விழுந்து, வலியையெல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து, சிரித்த முகத்தோடு கண்மூடிய ஒரு பெண்ணின் சரித்திரம் அது. அக்னஸ் அதுவரை வாயாடி. கறிக்கடைக்காரரிடம் எலும்பு அதிகம் என்று சண்டை போடுகிறவள். படுத்த இரண்டாம் மாதம் முகம் மெழுகுத்திரி போல வெளுத்து, பேச்சும் குறைந்தது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நோவு எனக்கு வேண்டித்தான் வந்திருக்கு போலிருக்குங்க. ஆண்டவர் இஷ்டம்" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் என் வீட்டுக் கட்டிலிலேயே நடக்கிறதே என்று அப்படியொரு சந்தோஷம். அன்றே ஒரு நோட்டு வாங்கி, அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதினேன். அவளுடைய சரித்திரத்தை நானே எழுதி அச்சடித்து நூலகத்தில் வைப்பதென்று தீர்மானித்தேன்.

அதற்குப் பிறகு அவள் தேறத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியும், வீட்டில் தினமும் சாப்பிடக் கொடுத்த வெள்ளை மாத்திரையும் வேலை செய்தன. கன்னத்தில் சதை வைத்தது. கருவாட்டுக் குழம்பு கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்தால் முகத்தைச் சுளிப்பாள். "சாவுற கதையாவே படிக்கிறீங்களே. வாரப் பத்திரிகையில ஒரு தொடர்கதை வருதாம், சிரிப்பா இருக்குமாம். எதிர்வீட்டு ராக்கம்மா சொன்னாங்க. அதைக் கொண்டாந்து படிங்க." இன்னொரு நாள், "உடம்பு தேறினதும் முக்கொம்புக்குப் போவோங்க. தண்ணியில காலை வச்சுக்கிட்டு உக்காரணும்" என்றாள். மூன்று வாரம் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

நான் கோபப்படவில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சரித்திரம் பாதியில் கெட்டுப்போவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை, அவ்வளவுதான். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வயிற்றுப் பொருமலுக்குப் போடுகிற சோடா மாத்திரை வாங்கினேன். அளவும் நிறமும் அதே மாதிரி. டாக்டர் கொடுத்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அந்தப் புட்டியில் இதை நிரப்பினேன். டாக்டரிடம், இனி ஸ்ரீரங்கத்தில் வேறொருவரிடம் காட்டப்போகிறோம் என்றேன். அவளிடம், இனி ஊசி வேண்டாமாம் என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். "இப்ப மாத்திரை கசக்கலைங்க" என்று அவள் சந்தோஷப்பட்டாள். தினமும் காலையில் என் கையால்தான் கொடுத்தேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அதிலிருந்து ஐந்தாவது மாதம் அந்தப் பழைய மெழுகு முகம் திரும்பி வந்தது. இருமலில் ரத்தம் வந்தபோது, குணமாவதற்கு முன் இப்படித்தான் இருக்கும் என்று தைரியம் சொன்னேன். நோட்டு நிறைந்துகொண்டே வந்தது.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள், நர்ஸ் படிப்புப் படிக்கிற அவள் தங்கை பேட்ரிசியா, மிஞ்சிய மாத்திரை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அத்தான், இது வயித்துக்குப் போடுற மாத்திரைல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. பாடப் புத்தகம் தவிர எதையும் படிக்காத பெண்.

நோட்டு உங்கள் மேஜைமேல் இருக்கிறது. "சந்தோஷமாகப் போகிறேன், யாரும் அழ வேண்டாம்" என்று அவள் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறேன். அதை அவள் சொல்லவில்லை. கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சாகப் பயமா இருக்குங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வண்டி கூப்பிடுங்க" என்றாள். தெருமுனையில் ஜட்கா வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, புத்தகத்தை விரித்துச் சத்தமாக வாசித்தேன். நான்கு மணிக்கு அடங்கிவிட்டாள்.

அந்தப் பேச்சை நான் நோட்டில் சேர்க்கவில்லை. அது நோயில் வந்த பேச்சு. என் அக்னஸ் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.