மாப்பிள்ளையின் கோப்பையில் வைத்த இறைச்சி

லவால் புறநகரிலிருந்து வந்த மெட்ரோ ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

“எச்சில் கையால இறைச்சியைப் பிச்சு மாப்பிள்ளையின்ர சாப்பாட்டுக் கோப்பையில வைச்சியளே! கலியாணம் குழம்பப்போகுது,” என்றார் மனைவி.

“இங்க வாற வழியில, கூட்டிவந்த ஏஜென்ட் செனகல்ல என்னை விட்டிட்டு ஓடேக்க, ஒரு மனிசி தன்ர பிள்ளையளோட ஒரே தட்டத்தில எனக்கும் சோறு தந்தவ. நல்ல துண்டைப் பிச்சு என்ர பக்கம் தள்ளுவா. எட்டு மாதம். அந்தப் பழக்கம் போகாதப்பா.”

“அது ஆப்பிரிக்கா.”

“ஓம். அங்கதான் மனிசரை நம்பப் பழகினனான். மாப்பிள்ளைப் பெடியன் என்ன செய்தவன், பாத்தனீரோ?”

“சாப்பிட்டவன்.”

“முகம் சுளிச்சவனோ?”

“இல்லை.”

அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்து மூடியது. மனைவி சொன்னார்:

“கலியாணக் காட் அடிச்சா அந்தச் செனகல் மனிசிக்கும் ஒண்டு அனுப்புவம்.”